ஜீப்ப பிரிச்சு வித்தேன்

பழைய வண்டிய எப்படி போட்டா காசு ஜாஸ்தி வரும்னு எனக்கு நல்லாவே தெரியும். இது பீத்தல் இல்ல. கள்ளக்குறிச்சில எங்க சித்தப்பா காயலான் கடை வெச்சிருக்காரு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிட்டு, நாலு இன்டர்வியூ போய்ட்டு, கடைசில அந்த கடைலயே வந்து ஒக்காந்தவன். காலேஜ்ல யாராவது "வூட்ல இன்னாடா பண்றாங்க"ன்னு கேட்டா "மெட்டல் பிசினஸ்"னு சொல்லுவேன். கெத்தா இருக்கும்.

கடைக்கு வண்டி கொண்டாறவங்க இன்னா பண்ணுவாங்கன்னா, அப்படியே தள்ளிக்கினு வந்து எடை மேடைல ஏத்திடுவாங்க. கிலோ இவ்ளோன்னு சொன்னா வாங்கிக்கினு போய்டுவாங்க. அவங்க தெரு முக்கு தாண்டுனதும் சித்தப்பா ஆள வுட்டு பிரிப்பாரு. ரேடியேட்டர்ல காப்பர், ஒயர்ல காப்பர், பேட்டரில ஈயம். எல்லாம் இரும்பு வெலைக்கு வாங்குனது. டைனமோ, செல்ஃப் மோட்டார் ஓடுற கண்டிஷன்ல இருந்தா அத எடைக்கே போடக் கூடாது, மெக்கானிக் கடைல தனியா தள்ளணும். பின்னாடி அச்ச டயர் மாட்டு வண்டி பண்றவங்க வாங்கிக்குவாங்க. ஸ்ப்ரிங் பட்டைய கொல்லன் பட்டறைல அருவா அடிக்க கேட்டுக்கினே இருப்பாங்க. மொத்தமா போட்டா ஒரு வெல, பிரிச்சு போட்டா ஒன்னற மடங்கு. இதுக்கெல்லாம் முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சிய கேன்சல் பண்ணிடணும். இல்லன்னா உன் நம்பர்ல எவனாவது திருட்டு வண்டி ஓட்டுவான், போலீசு உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கும்.

இவ்ளோ தெரிஞ்சவன்தான் நான். இத வெச்சிக்கினுதான் ஒரு மனுஷன் பேர கெடுத்தேன்.

காலேஜ்ல எனக்கு ரொம்ப க்ளோஸ் ஃப்ரெண்டு ஒருத்தன். கல்வராயன்மலைக்காரன். வெள்ளிமலைல பஸ்ஸ வுட்டு எறங்கி மண்ரோட்டுல ஆறு கிலோமீட்டர் உள்ள போனா அவங்க ஊரு. ஊருன்னா ஒரு நாப்பது வூடு இருக்கும். அந்த ரோட்டுக்கு பஸ் கெடையாது. அவங்கப்பாவோட ஜீப்புதான். மரவள்ளி மூட்ட, கடுக்கா மூட்ட, ரேஷன் அரிசி, ஸ்கூல் புள்ளைங்க, பிரசவத்துக்கு போற பொண்ணு, எல்லாம் அதுலதான். செமஸ்டர் லீவு வுட்டா நான் அங்கதான் கெடப்பேன். அவங்கம்மா கிண்டுற சாமக்களிக்கு நான் அடிமை. அவங்கப்பாவ நானும் அப்பான்னுதான் கூப்புடுவேன்.

மொத தடவ அந்த ஜீப்புல ஏறுனது இன்னும் ஞாபகம் இருக்கு. இருவது பேரு உள்ள, நாலு பேரு பின்னாடி தொங்கிக்கினு. நான் பெரிய இவன் மாதிரி பர்ஸ எடுத்து "டிக்கெட் எவ்ளோங்க"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்த ஆளு சிரிச்சாரு.

"டிக்கெட்டா? நான் என் டயரு மேல ஒக்காந்து வரேன். எனக்கு யாரு டிக்கெட்டு போடறது?"

எதிர்ல முட்டிங்காலு மேல கோழிக் கூடைய வெச்சிக்கினு ஒரு அம்மா. ஃப்ரெண்டு அவங்கள அத்தன்னு கூப்புடுவான், அதனால நானும் அத்தன்னு கூப்புட ஆரம்பிச்சேன். அது அந்தாள ஒரு பார்வ பாத்துச்சு.

"உன் டயரு என் பேட்டரி இல்லாம உருண்டுடுமா? மூடிக்கினு வா."

வண்டி மொத்தமும் சிரிச்சுது. எனக்கு மட்டும் புரியல. அன்னிக்கு சாயங்காலம் ஃப்ரெண்டுதான் சொன்னான். ஜீப்பு அவங்கப்பா பேர்லதான். ஆனா எது ரிப்பேர் ஆனாலும் அவரால மட்டும் வாங்க முடியாது. அதனால யாருக்கு அந்த நேரம் வண்டி அவசியமோ அந்த வூட்டுக்காரங்க அந்த சாமான வாங்கி மாட்டுவாங்க. கடைசி வூட்டுக்காரர் அவங்க வூட்டு கல்யாணத்தப்ப ரெண்டு பின் டயரு போட்டாரு. ரேடியேட்டர் நாலு வூடு சேந்து போட்டது. அத்தயோட பொண்ணுக்கு வலி எடுத்த அன்னிக்கு காலைல வண்டி ஸ்டார்ட் ஆவல, ஊரே சேந்து பள்ளத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ணாங்களாம். அடுத்த வாரம் அத்த ரெண்டு ஆடு வித்து புது பேட்டரி வாங்கியாந்து, அது மேல அவங்க வூட்டு கதவுக்கு அடிச்ச பச்ச பெயின்ட்ட ஒரு தீத்து தீத்தி மாட்ட சொல்லிச்சாம். வாங்கி போட்ட வூட்டுக்கு அதுக்கப்புறம் டிக்கெட் கெடையாது. சாமான் பழசாயிடுச்சு, கழட்டியாச்சுன்னா அத அந்த வூட்லயே குடுத்துடணும். வித்துக்குவாங்களோ, கோழி மூடி வெப்பாங்களோ, அது அவங்க இஷ்டம்.

"மொய் மாதிரிடா"ன்னான் ஃப்ரெண்டு. "வெச்ச எடத்துக்கு திரும்பிப் போவணும்."

"அப்ப வண்டியே போச்சுன்னா?"ன்னு கேட்டேன். விளையாட்டாதான் கேட்டேன்.

"பள்ளத்துல உருண்டோ, அப்படியே முழுசா எடைக்கோ போச்சுன்னா செத்த மாடு கணக்கு. யாரும் பங்கு கேக்க மாட்டாங்க. பிரிச்சாதான் பங்கு."

அப்பவே எனக்கு எல்லாம் தெரியும். தெரியாம பண்ணிட்டேன்னு சொல்ல எனக்கு வழியே இல்ல. அதுக்குதான் இத இங்கயே எழுதிடுறேன்.

படிப்பு முடிஞ்சுது. அவன் ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு போய்ட்டான். நான் கடைக்கு. ஒரு நாள் அவங்கப்பா போன் பண்ணாரு. ஆர்டிஓ ஆபீஸ்ல ஜீப்புக்கு எஃப்சி குடுக்கல. சேசிஸ்ல விரிசல், இனிமே ரோட்ல ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சின்னசேலத்துல ஒருத்தர் பழைய குட்டி யானை லோடு வண்டி ஒன்னு வெச்சிருக்காராம். முன்பணம் குடுத்தா வண்டிய தருவாராம், மிச்சத்த மாசா மாசம் கட்டிக்கலாம். ஜீப்ப போட்டா அந்த முன்பணம் தேறுமான்னு கேட்டாரு. தேறலன்னா ஊருக்கு வண்டி இல்ல. அவருக்கும் பொழப்பு இல்ல.

நான் உடனே பைக்க எடுத்துக்கினு மலையேறிட்டேன். ஜீப்ப சுத்தி சுத்தி வந்து தட்டி தட்டி பாத்தேன். மனசுல கணக்கு ஓடிக்கினே இருந்துச்சு.

"அப்பா, இத எடைக்கு போட்டா முன்பணத்துல பாதிதான் வரும். நான் பிரிச்சு வித்துத் தரேன். பத்து நாள்ல முழுசா வரும்."

அவருக்கு சந்தோஷம்தான். ஆனா தலைய சொறிஞ்சாரு. "பிரிச்சா பேட்டரி அக்கா வூட்டுக்கு போவணும். பின் டயரு கடைசி வூட்டுக்காரனுது. ரேடியேட்டரு நாலு வூடு. அதெல்லாம் அவங்கவங்ககிட்ட குடுத்துட்டு மிச்சத்த வேணா பாருப்பா."

"அதெல்லாம் குடுத்துட்டா உங்ககிட்ட மிஞ்சறது துரு புடிச்ச தகரம்தாங்க."

"அதுக்கின்னா பண்றது."

"முழுசா எடைக்கு போய்டுச்சுன்னு சொல்லிடுங்க. முழுசா போனா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

அவரு என்ன பாத்தாரு. "பொய் சொல்லணுமா தம்பி?"

"இது பொய் இல்லப்பா, டெக்னிக்கு. அவங்களுக்கும்தான வண்டி வரப் போவுது? அவங்க நல்லதுக்குதான?"

அவங்கம்மா உள்ளேர்ந்து எட்டி பாத்துட்டு திரும்ப உள்ள போய்டுச்சு. "சின்னசேலத்துக்காரரு இந்த மாசத்துக்குள்ள கேக்கறாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு, மாட்ட அவுத்து கட்ட போய்ட்டாரு. அத நான் சரின்னு எடுத்துக்கினேன்.

ஜீப்பு கீழ எறங்குன அன்னிக்கு பாதி ஊரு வந்து நின்னுச்சு. அத்த பானட்டு மேல கைய வெச்சிக்கினு அவர கேட்டுச்சு.

"பிரிக்கறீங்களா, அப்படியே போடறீங்களா?"

நான் முன் சீட்ல ஒக்காந்துக்கினு அவர பாத்தேன். அவரு ஸ்டியரிங்க பாத்துக்கினே சொன்னாரு. "அப்படியே எடைக்குதாங்க்கா."

"அதுவும் சரிதான். போறப்ப முழுசா போவட்டும்."

கள்ளக்குறிச்சி வர்ற வரைக்கும் அவரு ரோட்ட மட்டும் பாத்துக்கினு ஓட்டுனாரு. நான்தான் குட்டி யானைல இன்னா பாட்டு சிஸ்டம் வெக்கலாம்னு பேசிக்கினு வந்தேன்.

ஆர்சி வேலைய ரெண்டு நாள்ல முடிச்சேன். அப்புறம் பிரிச்சோம். வேல செஞ்சது எங்க கடைல கேஸ் கட்டர் புடிக்கற அண்ணன், கருணாபுரத்துக்காரரு. நிதானமா ஒன்னொன்னா கழட்டி வெச்சோம். நான் சொன்ன மாதிரியே எல்லாம் வித்துது. இன்ஜின ஒரு கெணத்துக்காரர் தண்ணி எறைக்க வாங்கிக்கினாரு. அச்சு, பட்டை, டைனமோ எல்லாம் போச்சு. முன்பணம் அப்படியே கைக்கு வந்துச்சு, அவருகிட்ட குடுத்துட்டேன். சித்தப்பாவே "இவன் பொழச்சிக்குவான்"னு சொன்னாரு. அவரு வாயில அப்படி ஒரு வார்த்த வந்ததே இல்ல.

இதோட நின்னிருந்தா கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நான் யாரு? விக்கறதுக்கு முன்னாடி எல்லா பார்ட்ஸையும் தார்ப்பாய் மேல வரிசையா அடுக்கி வெச்சு ஒரு வீடியோ எடுத்தேன். கூலிங் கிளாஸ் வேற.

"ப்ரோ, உங்க பழைய வண்டிய முழுசா எடைக்கு போட்டு ஏமாறாதீங்க. வெள்ளிமலைலேர்ந்து வந்த இந்த ஜீப்ப பாருங்க. பேட்டரி இவ்ளோ. ரேடியேட்டர் இவ்ளோ. ரெண்டு பின் டயர் இவ்ளோ."

ஒன்னொன்னா கால் கட்ட வெரலால தட்டி தட்டி வெல சொன்னேன். நெஜ வெலைய விட கொஞ்சம் ஏத்தியே சொன்னேன், வீடியோன்னா அப்படித்தான். பச்ச பெயின்ட் தீத்துன பேட்டரிய க்ளோஸப்ல காட்டுனேன். செம ரீச். கள்ளக்குறிச்சி பசங்க எல்லாம் ஷேர் பண்ணாங்க. நாலு நாள் தூங்கவே இல்ல, கமென்ட்டுக்கு ரிப்ளை போட்டுக்கினே இருந்தேன்.

அவங்க ஊர்ல தண்ணி டேங்க் கிட்ட மட்டும்தான் சிக்னல் கெடைக்கும். சாயங்காலமானா பசங்க அங்கதான் நிப்பாங்க. அத நான் யோசிக்கல. நானே எத்தன நாள் அங்க நின்னிருக்கேன்.

ஓசூர்லேர்ந்து ஃப்ரெண்டு கூப்பிட்டான்.

"டேய், வீடியோ போட்டியா?"

"பாத்தியா? எப்படி ரீச்சு!"

"எங்கப்பா ரெண்டு நாளா வூட்ட வுட்டு வெளில வரலயாம்டா."

போன இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு மாத்துனேன்.

"முழுசா எடைக்கு போட்டேன்னு ஊர்ல சொன்னாராமே. அவரு ஏன்டா அப்படி சொன்னாரு? அவருக்கு அந்த மாதிரி புத்தியே வராதுடா. உங்கிட்ட எதனா சொன்னாரா?"

"தெரியலயேடா"ன்னேன்.

அப்படியே வந்துச்சு வாயில. யோசிக்கவே இல்ல. போன வெச்சிட்டு வீடியோவ டெலிட் பண்ணேன். அதுக்குள்ள வேற நாலு பேஜ்ல எடுத்து போட்டுட்டாங்க. அதுல இன்னும் நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு பேட்டரிய கால்ல தட்டிக்கினுதான் இருக்கேன்.

ஞாயித்துக்கெழம கெளம்புனேன். பைக் எடுக்கல, பஸ்தான். பஸ்ல கண்ண மூடிக்கினு ரிகர்சல் பாத்துக்கினே போனேன். அத்த, அவரு மேல தப்பு இல்ல, எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன், அவரு வேணாம்னுதான் சொன்னாரு. இவ்ளோதான். மூனு லைனு. மல ரோடு முழுக்க மனப்பாடம் பண்ணேன்.

வெள்ளிமலைல எறங்குனதும்தான் ஒறைச்சுது, உள்ள போக வண்டி இல்லன்னு. நடந்தேன். வழில ரேஷன் மூட்டைய தலைல வெச்சிக்கினு ரெண்டு பொம்பளைங்க நடந்து போய்க்கினு இருந்தாங்க. அவங்களுக்கு என்ன நல்லா தெரியும். என்ன பாத்துட்டு மூட்டைய சரி பண்ணிக்கினு நடந்தாங்க. நானும் தலைய குனிஞ்சிக்கினு வேகமா தாண்டி போனேன். ஒரு மூட்டைய நான் வாங்கிக்கினு வந்திருக்கலாம். இப்ப தோணுது.

ஃப்ரெண்டு வூட்டு வாசல்ல அஞ்சாறு பேரு ஒக்காந்திருந்தாங்க. அவங்கப்பாவும் இருந்தாரு. ஷேவ் பண்ணல. என்ன பாத்ததும் எழுந்து "வா தம்பி"ன்னாரு, எப்பவும் போல. டயருக்காரரு பக்கத்துல இருந்தவர இடிச்சாரு.

"போன எடுத்து உள்ள வெக்க சொல்லு. நானும் வீடியோல வந்துடப் போறேன். எனக்கு இன்னா வெல போடுவானோ."

"உன்ன எடைக்குதான் போடணும்"னாரு இன்னொருத்தர். யாரும் பெருசா சிரிக்கல.

அத்த மொறத்துல சாமை பொடைச்சுக்கினு இருந்துச்சு. கைய நிறுத்தல. "வாங்க வீடியோக்காரரே. இன்னிக்கு எத பிரிக்கலாம்னு வந்தீங்க?"

நான் ஒரு ஓரமா ஒக்காந்தேன். அவங்கம்மா தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. என் மூஞ்ச பாக்கல.

அங்க ஒக்காந்த கொஞ்ச நேரத்துல விஷயம் எல்லாம் தெரிஞ்சு போச்சு. ரெண்டு நாள் வூட்டுக்குள்ள கெடந்துட்டு, மூனாவது நாள் அவரு வூடு வூடா போயிருக்காரு. டயருக்கு இவ்ளோ, ரேடியேட்டருக்கு இவ்ளோன்னு கைல குடுத்திருக்காரு. எந்த வெல? என் வீடியோல நான் சொன்ன வெல. பசங்க போன்ல ஓட வுட்டு, அதுல நான் சொல்ல சொல்ல, அந்தந்த காச எண்ணி வெச்சிருக்காரு. நான் ஏத்தி சொன்னது அவருக்கு தெரியாதா? அவருக்கு நான் குடுத்த காசு எவ்ளோன்னு அவருக்குத்தான தெரியும். ஒரு வார்த்த சொல்லல. முன்பணத்துல முக்காவாசி போச்சு. குட்டி யானைய சின்னசேலத்துக்காரர் வேற ஆளுக்கு குடுத்துட்டாரு. இப்ப அவரு மரவள்ளி புடுங்க கூலிக்கு போறாரு. அம்பத்தஞ்சு வயசு மனுஷன். வாழ்க்கைல ஸ்டியரிங் தவிர வேற எதுவும் புடிச்சது இல்ல.

அத்த மட்டும் காசு வாங்கலயாம்.

மொறத்த கீழ வெச்சுது. முந்தானைல கைய தொடச்சுது.

"பேட்டரி கெடக்குது, அது போவட்டும். எனக்கு ஒன்னு தெரியணும். இந்தாளு வண்டி ஓட்ட ஆரம்பிச்ச நாளா எனக்கு தெரியும். பத்து ரூவா சில்லற இல்லன்னா மறுநாள் வூடு தேடி வந்து குடுப்பான். எங்கிட்ட, என் மூஞ்ச பாத்து, முழுசா போடறேன்னு சொல்லணும்னு இவனுக்கா தோணுச்சு?" என்ன பாத்துச்சு. "நீ சொல்லிக் குடுத்தியா, அவனே சொன்னானா?"

மூனு லைனு. ரெடியா இருந்துச்சு.

டயருக்காரரு பாக்கறாரு. அவங்கம்மா வாசப்படில நிக்குது. இனிமே இந்த வூட்ல எனக்கு சாமக்களி கெடைக்காதுன்னு ஒரு நெனப்பு ஓடுது பாருங்க, அந்த நேரத்துல, சத்தியமா அதுதான் ஓடுச்சு. ஃப்ரெண்டோட அப்பா என்ன பாத்தாரு. கோவமா இல்ல. காத்துக்கினு இருக்கற மாதிரி.

"ரெண்டு பேரும்... பேசித்தான் அத்த, முடிவு பண்ணோம்"னேன்.

அவரு கண்ணு ஒரு நொடி கீழ போச்சு. அப்புறம் தலைய ஆட்டுனாரு. "ஆமாக்கா. ரெண்டு பேருந்தான்."

அத்த அவர பாத்துச்சு. என்ன பாத்துச்சு. "பேசினீங்க. சரி"ன்னுச்சு. மொறத்த எடுத்துக்கினு அவங்க வூட்டுக்கு போய்டுச்சு. மத்தவங்களும் ஒருத்தர் ஒருத்தரா எழுந்தாங்க. எழுந்தவங்க என்ன தாண்டிப் போறப்ப யாரும் என்ன பாக்கல, அவரத்தான் பாத்தாங்க. பாதி பழிய மட்டும் ஒத்துக்கினவனுக்கு ஒன்னும் ஆவல, பொய் சொல்லணுமான்னு கேட்ட மனுஷன் தலைல என் பாதியும் சேந்து வுழுந்துச்சு.

ரோடு வரைக்கும் அவரு கூட வந்தாரு. "அப்பா, நான் வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். "ஆறு கிலோமீட்டர் நடக்கணும். மழ வர மாதிரி இருக்கு, சீக்கிரம் போ"ன்னாரு. நான் சீக்கிரமாவே போனேன். ஒரு தடவ கூட திரும்பி நிக்கல.

என் பங்குக்கு கொஞ்சம் காசு அனுப்புனேன், போன்லயே. அது அப்படியே திரும்பி வந்துடுச்சு, மெசேஜ் ஒன்னும் இல்லாம. அவருக்கு அனுப்பத் தெரியாது. யாரையோ கேட்டு அனுப்பியிருக்காரு.

அடுத்த வாரம் ஃப்ரெண்டு கூப்பிட்டான். கடைல இருந்தேன், எடை மேடைல ஒரு ஆட்டோ நின்னுக்கினு இருந்துச்சு. வெளில வந்து பேசுனேன். குரலு நல்லாதான் இருந்துச்சு அவனுக்கு.

"டேய், அப்பா சொன்னாருடா."

"இன்னா சொன்னாரு?"

"நீ மல ஏறி வந்து எல்லார் முன்னாடியும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஒத்துக்கினியாமே. பையன் தைரியமானவன்னு சொன்னாரு. நான்கூட உன்ன இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன். சாரிடா மச்சி."

சொல்றதுக்கு அப்ப கூட டைம் இருந்துச்சு. அவன் லைன்லதான் இருந்தான்.

"பரவால்லடா"ன்னேன்.